வானத்தில் ஒரு பள்ளம்

வேலைக்கான விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் அர்லீன் ஸ்டோல்பா இப்படி எழுதினாள்: எண்ணுவது. பன்றிக்குட்டிகள், கோழிகள், தேவாலய விருந்துக்கு வரும் ஆட்கள். கிண்டலுக்காக எழுதவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதினாள், அவ்வளவுதான். அந்தப் பிரிவின் பொறுப்பாளர் மிஸ் லோரிமர் அதை இரண்டு முறை படித்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"திங்கட்கிழமையே வந்துடுங்க" என்றார்.

1961-ஆம் ஆண்டு வசந்த காலம் அது. அர்லீனுக்கு முப்பத்து நான்கு வயது. அயோவாவில், லின்டன் நகரத்துக்கு வடக்கே எட்டு மைல் தள்ளி அவர்களுடைய பண்ணை. கணவன் லாம்பர்ட் சோளமும் பன்றிகளுமாக இருந்தான். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏறிப் போகத் தொடங்கியபின் பகலில் வீடு மிகவும் பெரிதாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று தேவாலய வாசலில் யாரோ சொன்னார்கள். செயற்கைக்கோள் வேலையாம், ஆனால் உட்கார்ந்தே செய்யலாமாம்.

"செயற்கைக்கோளா? நீயா?" என்றான் லாம்பர்ட். "அதுல எதை எண்ணப் போற?"

"எதையோ. கொடுத்தா எண்ண வேண்டியதுதானே."

கொடுத்தது தாள். இதயத் துடிப்பைப் பதிவு செய்வார்களே, அந்த மாதிரி நீளமான தாள், சுருள் சுருளாக. உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்த நிலையங்கள் செயற்கைக்கோளின் குரலை ஒலிநாடாவில் பதிந்து தகரப் பெட்டியில் அனுப்பும். அடித்தளத்தில் இருந்த இயந்திரம் அதைத் தாளில் இரண்டு கோடுகளாக வரையும். மேல்கோடு படிக்கட்டு போல ஏறும். மின்னூட்டம் கொண்ட துகள்கள் நூற்று இருபத்தெட்டு வந்து மோதினால் பேனா ஒரு படி ஏறும். துகள்கள் குறைவாக இருந்தால் படிகள் தள்ளித் தள்ளி இருக்கும், அதிகமானால் நெருங்கி வரும். கீழ்க்கோடு அலை. செயற்கைக்கோள் சுழலச் சுழல, பூமியின் காந்தப்புலத்தை அது எந்தப் பக்கமாகச் சந்திக்கிறது என்பதை அந்த அலை காட்டும். அலையின் முகடுகளைப் பென்சிலால் குறிக்க வேண்டும், படிகளை எண்ண வேண்டும், நேரத்தோடு சேர்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். படிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறுப்புப் பட்டையாகிவிட்டால் எண்ணக் கூடாது. 'கறுப்பு' என்று எழுதி அடித்தளத்துக்குத் திருப்பி அனுப்பினால், தாளை எட்டு மடங்கு வேகமாக ஓடவிட்டு மறுபடி வரைந்து அங்கேயே வேறு ஆட்கள் படிப்பார்கள்.

அர்லீனுக்கு அலை பிடித்திருந்தது. படிகளைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் இல்லை.

ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு ஜோடியாக அமைந்தவர் ஆல்வினா க்ரெப்ஸ். வயது அறுபத்தொன்று, கணவரை இழந்தவர், முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். ஒரு தாளில் அவர் எண்ணியது தவறாகிப் போனதாக யாரும் சொன்னதில்லை. வாய்க்குள் ஜெர்மன் மொழியில் முணுமுணுத்துக்கொண்டே எண்ணுவார். அந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்கு ஜெர்மன் எண்கள் தெரியும், அர்லீனுக்கும் தெரியும். இருவர் மேசையும் பக்கத்துப் பக்கத்தில். தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்று விதி எழுதியவர்கள் காது என்று ஒன்று இருப்பதை நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மிஸ் லோரிமர் கதவில் ஒரு பட்டியல் ஒட்டுவார். எந்த ஜோடியின் எண்கள் நூற்றுக்கு எத்தனை வேறுபட்டன என்ற பட்டியல். க்ரெப்ஸ்–ஸ்டோல்பா ஜோடிக்கு ஒன்றைத் தாண்டியதில்லை. அக்டோபரின் முதல் வெள்ளிக்கிழமை அது ஆறு என்று இருந்தது.

அன்று காப்பி நேரத்தில் யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அங்கே அப்படிச் சொல்லாமல் இருப்பதுதான் சொல்வது. மேசை நடுவே ஆல்வினா கொண்டுவந்திருந்த ஆப்பிள் கேக்கின் கடைசித் துண்டு இருந்தது. கடைசித் துண்டை முழுதாக எடுப்பது அந்த ஊரில் எவருக்கும் கை வராத காரியம். ஒருவர் பாதியாக வெட்டி எடுப்பார். அடுத்தவர் மீதியில் பாதி. கடைசியில் விரல் நகம் அளவு ஒரு துணுக்கு தட்டில் காய்ந்துகொண்டு கிடக்கும். அன்று யாரும் வெட்டக்கூட இல்லை. ஆல்வினா தட்டை மூடி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் அர்லீன் கூர்ந்து பார்த்தாள். படிகள் அகலமாக இருக்கும் இடங்களில் இருவர் எண்ணும் ஒன்றுதான். நெருங்கும் இடங்களில், பென்சில் கோடு அளவு இடைவெளி மட்டுமே இருக்கும் இடங்களில், அவள் இரண்டு படி பார்த்தால் ஆல்வினாவின் முணுமுணுப்பு ஒன்றுதான் ஏறியது. விளக்கை ஆல்வினா கொஞ்சம் கொஞ்சமாக அருகே இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அர்லீன் தன் எண்ணை அழித்துவிட்டு, காதில் விழுந்த எண்ணை எழுதினாள்.

அதைப் பெரிய தீர்மானம் என்று சொல்ல முடியாது. ஒரு வரி, பிறகு அடுத்த வரி. கூட்டத்தில் ஒருவர் பாட்டைத் தவறான சுருதியில் தொடங்கினால் மற்றவர்கள் அதே சுருதியில் சேர்ந்துகொள்வதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பட்டியலில் அவர்களுக்கு நேரே பூஜ்யம் இருந்தது. ஆல்வினா பட்டியலை நெருங்கி நின்று பார்த்தார், கையுறையை மாட்டினார், வீட்டுக்குப் போனார். மறுவாரமும் பூஜ்யம். அதன் பிறகு பூஜ்யமேதான்.

இப்படி ஒரு ஜோடி இருப்பதை டீன் ஹால்வர்சன் என்ற மாணவன் கவனித்தான். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவன். நெடு நெடுவென்று உயரம், நார்வேக்காரர்கள் குடியேறிய வடகிழக்குப் பக்கத்துப் பையன். மன்னிப்புக் கேட்பதுபோலவே எல்லாவற்றையும் கேட்பான்.

"மிஸ் லோரிமர், தொந்தரவு இல்லேன்னா... என் தாள் எல்லாத்தையும் மிஸஸ் க்ரெப்ஸ், மிஸஸ் ஸ்டோல்பா ரெண்டு பேருக்குமே கொடுக்க முடியுமா? அவங்க மாதிரி ஒத்துப் போறவங்க வேற யாருமே இல்ல."

கொடுத்தார்கள். நவம்பர், டிசம்பர், ஜனவரி. மொத்தம் முப்பத்தொரு சுருள்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் காப்பி நேரத்தில் டீன் ஒரு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தான். தட்டுகளை நகர்த்திவிட்டு மேசையில் விரித்தான். துகள்களின் அளவு உயரத்துக்கு ஏற்ப ஏறிப் போனது. ஓரிடத்தில் பாதியாக இறங்கியது. பிறகு செங்குத்தாக மறுபடி ஏறியது.

"இங்க பாருங்க" என்றான். காது வரை சிவந்திருந்தான். "இந்த உயரத்துல என்னவோ துகள்களை வாரிக்கிட்டுப் போகுது. ஒரு பள்ளம். ஒரு சுத்துல மட்டும்னா விட்டிருப்பேன். எல்லாச் சுத்துலயும் இருக்கு. வெப்பநிலை பார்த்தேன், மின்கலம் பார்த்தேன், சுழற்சி பார்த்தேன், எதுலயும் கோளாறு இல்ல. ஏப்ரல்ல வாஷிங்டன் கூட்டத்துல இதைப் படிக்கப் போறேன்."

"நாங்க அதைக் கண்டுபிடிச்சோமா?" என்று ஆல்வினா கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும்தான். கட்டுரையில உங்க பேரைப் போட்டு நன்றி எழுதுறேன், ஆட்சேபணை இல்லேன்னா."

"எனக்கு ஒரு நகல் கொடுப்பா. சுவர்ல மாட்டிக்கிறேன். முப்பது வருஷம் பின்னத்தைச் சொல்லிக் கொடுத்தேன், ஒரு பய நன்றின்னு சொன்னதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அர்லீன் வரைபடத்தைப் பார்த்தாள். பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அவளுக்கு எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. படிகள் பென்சில் கோடு அளவுக்கு நெருங்கும் இடம் அது. எங்கே முடிகிறது என்பதும் தெரிந்தது. 'கறுப்பு' என்று எழுதி அடித்தளத்துக்கு அனுப்பும் இடம். அதற்கு அப்பால் வேறு கண்கள் படித்தவை. வானத்தில் பள்ளம் எதுவும் இல்லை. மங்கிய இரண்டு கண்கள் இருந்தன, அவற்றுக்கு ஒத்துப் பாடிய ஒரு பென்சில் இருந்தது.

மறுநாள் நடைவழியில் டீனைப் பிடித்தாள்.

"அந்தத் தாள்ல ஒண்ணு ரெண்டை வேற ஜோடிகிட்ட கொடுத்துப் பார்க்கலாமே, மிஸ்டர் ஹால்வர்சன்."

"ஐயோ, வேண்டாம்" என்றான் அவன், பதறிப்போய். "மிஸஸ் க்ரெப்ஸ் மனசு என்ன பாடுபடும்? சந்தேகப்படற மாதிரி ஆயிடும்."

"அது சரி" என்று அர்லீன் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவனும் அந்த ஊர்ப் பழக்கத்தில் வளர்ந்தவன்தான்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் அவள் அதிகம் பேசவில்லை. வழக்கமாகவே அதிகம் பேசாதவள் என்பதால் லாம்பர்ட்டுக்கு அது தெரிய வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

"உடம்பு சரியில்லையா?"

"ஒருத்தரைக் காட்டிக் கொடுக்கணும். இல்லேன்னா இன்னொருத்தர் நாலு பேர் முன்னாடி நின்னு பொய் படிப்பார்."

"காட்டிக் கொடுக்கிறது யாரை?"

"முதல்ல என்னை" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அர்லீன் பிரிவுக்குப் போனாள். வாயிற்காவலர் கதவைத் திறந்துவிட்டார். டிசம்பர் மாதத்துச் சுருள் ஒன்றை எடுத்து ஜன்னலோர மேசையில் விரித்து, நெருக்கமான பகுதியை மட்டும் எண்ணினாள். அறையில் வேறு குரல் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்திலும் இருந்தது நூற்றுப் பதினெட்டு.

திங்கட்கிழமை அந்தத் தாளையும் படிவத்தையும் டீனின் மேசையில் வைத்தாள். மிஸ் லோரிமரும் அறையில் இருந்தார்.

"நான் காப்பியடிச்சிருக்கேன்" என்றாள். "அக்டோபர்லேர்ந்து. என் எண்ணை அழிச்சுட்டு மிஸஸ் க்ரெப்ஸ் எண்ணை எழுதியிருக்கேன்."

டீன் அவளைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். "எல்லாத்தையுமா?"

"வேறுபட்ட இடத்துல எல்லாம்."

"அப்போ... யாரோட எண்ணு சரி?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் அழிச்சது."

அவன் பூதக்கண்ணாடியை எடுத்துத் தாள் மீது குனிந்தான். உதடு அசைய எண்ணினான். நாற்பது வரை எண்ணியதும் நிறுத்திவிட்டான். மீதியை எண்ண அவசியம் இல்லை. வரைபடத்தைச் சுருட்டினான், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏப்ரலுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு" என்றான். "அதுக்கு முன்னாடி சொன்னீங்களே. நன்றி."

தொப்பியை எடுத்துக் கொடுத்தவருக்குச் சொல்வது போல இருந்தது அந்த நன்றி.

"உங்களை வேலையை விட்டு அனுப்பணும், மிஸஸ் ஸ்டோல்பா" என்றார் மிஸ் லோரிமர்.

"தெரியும்."

"அனுப்பினா முப்பத்தொரு சுருளையும் திரும்ப யாரு படிக்கிறது? நாளைக்குத் துடைப்பம் வெச்சிருக்கிற அறையைக் காலி பண்ணச் சொல்றேன். அங்க தனியா உட்காருங்க. ரெண்டாவது ஆள் மாடியில உட்காரட்டும். மிஸஸ் க்ரெப்ஸ்கிட்ட நான் பேசறேன்."

"நானே பேசறேனே."

ஆல்வினாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. அர்லீன் போனபோது மாலை நான்கு மணி, வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆல்வினா சமையலறையில் மாவைத் தேய்த்து நூடுல்ஸுக்கு வெட்டிக்கொண்டிருந்தார். சில கீற்றுகள் விரல் தடிமன், சில நூல். அர்லீன் கோட்டைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னாள். இப்படிப்பட்ட விஷயத்தை நேராகச் சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை, அதனால் எதுவும் மென்மையாக வரவில்லை.

ஆல்வினா கத்தியைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நாளா?"

"அக்டோபர்லேர்ந்து."

"அந்த ஆறு வந்த வாரம்."

"அதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து."

"என் மேல பரிதாபப்பட்டு."

"பட்டியல்ல உங்க பேரு அப்படி வர்றது எனக்குப் பிடிக்கல."

"உனக்குப் பிடிக்கல" என்றார் ஆல்வினா. "பொண்ணே, எனக்கே சந்தேகமாத்தான் இருந்தது. பாட்டுப் புத்தகத்துல எழுத்து நீந்துது. தெருவுல யாரோ கையாட்டுறாங்க, யாருன்னு தெரியாம நானும் ஆட்டுறேன். கண் டாக்டர்கிட்ட போகணும்னு நினைப்பேன். வெள்ளிக்கிழமை வரும். போய்ப் பட்டியலைப் பார்ப்பேன். பூஜ்யம். சரி, கண்ணு நல்லாத்தான் இருக்கு, கிழவிக்கு மனப்பிராந்தின்னு வீட்டுக்கு வந்துடுவேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். நாலு மாசம்."

அர்லீனுக்கு இது தோன்றியதே இல்லை. பட்டியல் டீனுக்காக, மிஸ் லோரிமருக்காக என்றுதான் நினைத்திருந்தாள். அதை நம்பி இன்னொருவர் தன் கண்ணைச் சோதித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கவில்லை.

"மன்னிச்சிடுங்க, ஆல்வினா."

"ஒரே ஒரு வெள்ளிக்கிழமை அவமானத்தோட முடிஞ்சிருக்கும்" என்றார் அவர். "வீட்டுக்குப் போ. மாவு காயுது."

மார்ச்சில் ஆல்வினாவுக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை, ஏப்ரலில் மறு கண்ணில். தலையின் இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்க வைத்தார்கள் என்று தேவாலயத்தில் பேசிக்கொண்டார்கள். அர்லீன் இரண்டு முறை சூப் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பாத்திரம் கழுவப்பட்டுத் திரும்பி வந்தது, அதோடு எந்தச் செய்தியும் வரவில்லை.

வாஷிங்டனில் டீன் எதையும் படிக்கவில்லை. கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தான். அர்லீனும் மாடியில் இருந்த புது ஆளும் படித்துக் கொடுத்த எண்களை அவன் வாரா வாரம் வரைபடத்தில் ஏற்றினான். பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்து மே மாதத்தில் மேடு மட்டும் மிஞ்சியது. மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்த மேடுதான். அவனுடைய ஆய்வு ஓராண்டு தள்ளிப்போனது. அர்லீனைப் பார்க்கும்போது முன்போலவே தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னான். ஒரு முறை மட்டும், தானாகவே, "தப்பு உங்களோடது மட்டும் இல்ல. நீங்க கேட்டப்போ நான் கொடுத்துப் பார்த்திருக்கணும்" என்றான். அவள் தலையசைத்தாள். மறுக்கவில்லை.

துடைப்ப அறையில் ஜன்னல் இல்லை. அங்கே உட்கார்ந்த முதல் மாதம் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே மூன்று வந்தது, நான்கு வந்தது, ஒரு வாரம் ஐந்துகூட வந்தது. புது ஆள் இருபது வயதுப் பெண், அவசரக்காரி. வேறுபட்ட வரிகளை மூன்றாவது ஒருவர் பார்த்துத் தீர்த்தார். பெரும்பாலும் அர்லீன் எண்ணியதே சரியாக இருந்தது. சில சமயம் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் பட்டியலைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஜூன் மாதம் ஒரு பிற்பகல் அந்த அறையின் கதவு தட்டப்பட்டது. ஆல்வினா நின்றுகொண்டிருந்தார். பாட்டிலின் அடிப்பாகம் போல் தடித்த கண்ணாடி போட்டிருந்தார், அதற்குள் கண்கள் மிகப் பெரிதாகத் தெரிந்தன.

"உனக்கு நரை விழுந்திருக்கு" என்றார். "இத்தனை நாள் தெரியல."

"உட்காருங்க."

"அந்த டிசம்பர் தாளை எடு. இருநூத்துப் பன்னெண்டுன்னு சொன்னியாமே."

அர்லீன் எடுத்து விரித்தாள். ஆல்வினா கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார், பென்சிலைக் கையில் வாங்கினார், எண்ணத் தொடங்கினார். இந்த முறை வாய் அசையவில்லை. பத்து நிமிடம் ஆனது. அர்லீன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருநூத்துப் பதிமூணு" என்றார் ஆல்வினா. "ஒண்ணை விட்டிருக்க. இதோ."

அர்லீன் குனிந்து பார்த்தாள். ஏறத்தாழ நடுவில் ஒரு படி, அதன் ஓரத்தில் இன்னொரு மெல்லிய விளிம்பு. பேனா தயங்கிய இடம். வாயில் 'ஆமா' என்ற சொல் தயாராக இருந்தது. அதைச் சொல்ல எவ்வளவு சுலபம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

பூதக்கண்ணாடியை எடுத்து இன்னொரு முறை பார்த்தாள்.

"இது படி இல்ல, ஆல்வினா. மை கசிஞ்சிருக்கு."

"படிதான்."

"எனக்கு அப்படித் தெரியல."

ஆல்வினா அந்தப் பெரிய கண்களால் அவளையே பார்த்தார். கோபமா இல்லையா என்பதை அந்தக் கண்ணாடிக்குள் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்போ எழுது" என்றார்.

அர்லீன் தாளின் ஓரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதித் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டாள். பென்சிலை நீட்டினாள். ஆல்வினா அதற்குக் கீழே இருநூற்றுப் பதிமூன்று என்று எழுதி, பள்ளி ஆசிரியையின் வட்டமான கையெழுத்தில், தன்னுடையதைப் போட்டார். பிறகு, காப்பி நேரம் ஆகிவிட்டதா என்று கேட்டார்.